ஸ்மார்ட் போர்டுக்குச் சந்தனம் வைத்தவர்கள்

1

இனியா, கதிர்! உங்கள் ராணி அத்தை ஏன் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று கேட்டீர்கள். கேட்ட நேரம் சரியில்லை. உங்கள் மஸ்கட் பள்ளிக்கூடத்தின் ஆன்லைன் பெற்றோர் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. எனக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது. நானும் "பொறவு சொல்லுதேன்" என்று எழுந்து போய்விட்டேன். இப்போது எழுதுகிறேன். கதிர், உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். அம்மாவைப் படித்துக் காட்டச் சொல். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதத்தான் நினைக்கிறேன். கோபம் வந்தால் நீண்டுவிடும், பொறுத்துக்கொள். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன், அவர்களும் படிக்கட்டும்.

அந்தக் கூட்டம் எதற்கு? அடுத்த வருடம் வகுப்பில் பிள்ளைகள் கையில் டேப்லட் கொடுக்கலாமா வேண்டாமா என்று பேச. உங்கள் பிரின்சிபால் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசினார். டேப்லட் காலத்தின் கட்டாயம் என்றார். உடனே, பெற்றோரின் கவலையும் நியாயமானது என்றார். தயங்கக் கூடாது என்றார். அவசரமும் கூடாது என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு நான் மைக்கைத் திறந்து, "சார், யெஸ்ஸா நோவா? ஒன்லி ஒன் வேர்ட் சார்" என்று கேட்டேன். இனியா பாய்ந்து வந்து மைக்கை அணைத்தாள்.

"அப்பா, ப்ளீஸ்! அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுப்பா. எம்பாரஸிங்கா இருக்கு."

எம்பாரஸிங் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் தாயீ. பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லைதான். ஆனால் அந்த ஒரு சொல்லை இந்த வீட்டில் நீங்கள் என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.

பிரின்சிபால் "வெரி குட் கொஸ்டின்" என்று சிரித்துவிட்டு, ஒரு கமிட்டி போடப்போவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்கப் போகிற இடத்தில் கவுண்டரில் இருக்கும் ஆள் என்னை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறான். ஆனால் கிடையாது என்றால் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்வான். அந்த மரியாதையைக்கூடப் பள்ளிக்கூடம் நடத்துகிற பெரியவர்கள் நமக்குத் தருவதில்லை. மஸ்கட்டில் கோட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு செய்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2

போன தடவை உங்களுக்குப் பரீட்சை என்று விட்டுவிட்டு நான் மட்டும் லீவில் ஊருக்குப் போனேன் இல்லையா, அப்போது நடந்தது இது.

ராணி என்னுடைய ஒரே தங்கை. மாமா ராணுவத்தில், வடக்கே எல்லைப் பக்கம். அதனால் ராஜபாளையத்தில் நம் வீட்டு மாடியில்தான் அவள் இருக்கிறாள். தினமும் காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் போய்வந்தாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தான் கைபிடித்துக் கூட்டிவந்த பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அந்த வருடம் அவளுக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான். அந்த வேலை அவள் கையில் இருக்குமா போகுமா என்பதுதான் இந்தக் கதை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர் ஒருவர். பஞ்சு வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர்; பள்ளிக்கூடத்தையும் அதே கையால் நடத்துகிறவர். முதல்வராக ஒரு அம்மா. நிறைய வருடம் வகுப்பெடுத்து, தலை நரைத்து, அந்த நாற்காலிக்கு வந்தவர்.

தாளாளர் ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கினார். தொட்டால் எழுதும், படம் காட்டும், கோணத்தைத் திருப்பிக் காட்டும். போர்டு வந்து இறங்குவதற்கு முன்பே அதன் படம் பள்ளி வேன்களின் முதுகில் ஏறிவிட்டது. படத்தில் அந்தப் போர்டைத் தொட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் அத்தனையும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படி ஒரு வகுப்பு எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் தாளாளருக்கு இரண்டு மனம். போர்டு இருந்தால்தான் அட்மிஷன் வரும் என்று ஒரு மனம். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று இன்னொரு மனம். முதல்வர் அம்மாவுக்கும் இரண்டு மனம். நாலு பேர் மெச்சும்படி நவீனமாக இருக்க வேண்டும் என்று ஒன்று. பாடம் முடியாது, பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் போட்டுவிடுவார்கள், தனக்கு அதை இயக்கத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும் என்று இன்னொன்று. இந்த நாலு மனமும் சேர்ந்து ஒரு பூட்டு வாங்கின. போர்டுக்கு என்று ஒரு தனி அறை. மெரூன் நிறத்தில் வெல்வெட் திரை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சாவி முதல்வர் அம்மாவின் இடுப்பில். வாரம் ஒரு வகுப்பு வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். நல்லவேளை, துளசித் தீர்த்தம் மட்டும் கொடுக்கவில்லை.

இதைப் பற்றி ஆசிரியர்களிடம் கருத்தும் கேட்டார்களாம். "எல்லாரும் மனசு தெறந்து பேசுங்க. எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கிடுதேன்" என்றாராம் தாளாளர். வேதியியல் ஆசிரியர் ஒருவர் நம்பி மனசைத் திறந்து, "பூட்டி வைக்கதுக்கு எதுக்கு சார் வாங்கணும்?" என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அவருக்குப் பஸ் ட்யூட்டி. பிள்ளைகள் ஏறுவதையும் இறங்குவதையும் வெயிலில் நின்று எண்ண வேண்டும். அதற்குப் பிறகு எல்லாருடைய மனமும் மூடிக்கொண்டது.

ராணி மட்டும் தினமும் போய்ச் சாவி கேட்டாள். எப்போதாவது ஒரு நாள் கிடைக்கும். அவள் அந்தப் போர்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவள் ஒன்றும் இல்லை. என்னிடமே சொன்னாள்: "அண்ணே, அதுல பாதி வித்த சும்மா ஷோதான். கூட்டல் கழித்தலுக்குச் சாக்பீஸே போதும். ஆனா முக்கோணத்தத் திருப்பிக் காட்டணும்னா, நான் கையை எம்புட்டு ஆட்டினாலும் பிள்ளைகளுக்குப் பிடிபட மாட்டேங்குது. அங்க விரலால திருப்புனா உடனே ஓ-ங்குதுக. எது நல்லாருக்கு, எது வெட்டிங்கதப் போட்டுப் பாத்தாத்தான தெரியும்? பூட்டி வச்சுக்கிட்டு யோசிச்சா எப்படித் தெரியும்?"

எனக்கும் இரண்டு மனம் உண்டு பிள்ளைகளே. உங்கள் கையில் டேப்லட் வந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடுவீர்கள் என்று ஒரு பயம். கிடைக்காவிட்டால் மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பீர்கள் என்று ஒரு பயம். இரண்டு மனம் இருப்பதில் தப்பே இல்லை. தனக்கு இரண்டு மனம் என்று சொல்லாமல், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஞானி மாதிரி பேசுவதுதான் எனக்குக் குமட்டுகிறது.

3

ஆயுத பூஜைக்கு ராணியைக் கூட்டிவர பைக்கில் போனேன். பள்ளி வேன், ஆபீஸ் கம்ப்யூட்டர், தண்ணீர் மோட்டார், மணி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கடைசியில் ஸ்மார்ட் போர்டு. அன்றைக்குத் திரை விலகியது.

அட்டெண்டர் முருகையா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். சட்டத்தின் உள்விளிம்பில் கட்டி கட்டியாக அப்பிக்கொண்டே போனார். ராணி பதறிவிட்டாள்.

"முருகையாண்ணே, உள் ஓரத்துல வைக்காதீக. வெளிப்பக்கம் வைங்க, இல்லன்னா பின்னால வைங்க."

முதல்வர் அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, யாராவது பொட்டப் பின்மண்டையில வைப்பாகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாளாளருக்கு ஒரே உற்சாகம். "வை, வை. நல்லா எடுப்பா வை. சுத்தி வை. ரூவா கொஞ்சமாவா கொட்டியிருக்கேன்?"

சுற்றி வைத்தார். பொரியும் அவலும் எல்லாருக்கும் கிடைத்தன.

வீட்டுக்கு வரும் வழியில் ராணி எனக்கு விளக்கினாள். அந்தப் போர்டின் சட்டத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்குமாம். விரல் அதை எந்த இடத்தில் மறைக்கிறதோ, அந்த இடத்தில் யாரோ தொடுகிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொள்ளும். விரல் மறைத்தால் என்ன, சந்தனம் மறைத்தால் என்ன, அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அவள் சொன்னபடியே போர்டுக்குப் பேய் பிடித்துவிட்டது. இங்கே தொட்டால் அங்கே எழுதியது. யாரும் தொடாமலே கோடு போட்டது. ராணி ஓடிப்போய், "சார், ஒண்ணுமில்ல, சந்தனத்தத் தொடச்சாச் சரியாயிரும்" என்றாள்.

"தொடைக்கவா?" தாளாளர் நெஞ்சில் கைவைத்துவிட்டார். "புதுக் கட்டடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டிப் போட்டிருக்கேன். இந்த நேரத்துல பூசையில வச்ச பொட்ட அழிக்கச் சொல்லுதீங்களே, வாயில நல்ல வார்த்தையே வராதா? வேன்ல வச்சத யாராவது அழிக்கமா? அதா உதிரணும்."

"வேன் வெயில்லயும் மழையிலயும் ஓடுது சார், உதிரும். இது ஏசி ரூம்ல திரைக்குப் பின்னால இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

"வேணும்னா வெளிப்பக்கம் புதுசா வச்சிருவோம் சார்."

"அதுக்கு மொதல்ல இத அழிக்கணும்லா?"

"ஆமா சார்."

"அதான் ஆகாதுங்கேன்."

ராணியைக் கூட்டிவரப் போன ஒரு நாள், விற்ற கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைக்கலாமே என்று நான் முருகையாவிடம் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வந்தா அவன் தொடச்சிருவான்லா, அதான் கூப்பிடாம இருக்காக" என்றார்.

அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் கெட்டது எதுவும் இல்லை. தாளாளருக்கும் முதல்வர் அம்மாவுக்கும் அந்தச் சந்தனம் உள்ளூர ஒரு நிம்மதியைக் கொடுத்துவிட்டது. போர்டு வேண்டுமா வேண்டாமா என்று இனி யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. அதுவாகவே கெட்டுப்போயிற்று. வேனில் படம் இருக்கிறது. அறையில் தொல்லை இல்லை. நாலு மனமும் ஒரே நேரத்தில் குளிர்ந்துவிட்டன.

4

ஆனால் பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "ஸ்மார்ட் கிளாஸ்னு சொல்லித்தான சேத்தீக?" என்றார் ஒரு அப்பா. யார் மேலாவது பழியைப் போட வேண்டும். சந்தனத்தின் மேல் போட முடியாது. சாமி மேலும் போட முடியாது. ராணிக்கு ஒரு மெமோ வந்தது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் உபகரணம் பழுதடைந்தது, விளக்கம் தரவும், தவறினால் பணி தொடராது.

அதோடு வாய்வழியாக இன்னொரு உத்தரவும் வந்தது. வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவர வேண்டுமாம். முப்பத்துநாலு வயதுக்காரி, ஒரு பிள்ளைக்குத் தாய், பி.எட். படித்தவள். எல்லையில் நிற்கும் புருஷனைக் கூட்டிவர முடியாதே. பத்தாவது படித்த நான் கார்டியனாகப் போனேன்.

தாளாளர் எனக்கு நாற்காலி போட்டார். ராணி நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து நானும் உட்காரவில்லை.

"நீங்க வெளிநாட்டுல இருக்கீக. அங்கல்லாம் எப்படி?" என்றார்.

"அங்கயும் கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டேதான் இருக்காக."

"பாத்தீகளா!" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்ல. அதுக்குன்னு கண்ண மூடிக்கிட்டு ஆதரிக்கவும் மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல நிக்கேன்."

"நில்லுங்க சார். ஆனா வாசலுக்கு நடுவுல நிக்கீகளே, பிள்ளைக எப்படி உள்ள போகும்?"

அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பஞ்சு விஷயம் போலிருக்கிறது. தெலுங்கில் சத்தமாகப் பேசிக்கொண்டே வராண்டாவுக்குப் போய்விட்டார்.

அறையில் முதல்வர் அம்மாவும் நாங்களும் மட்டும். அந்த அம்மா மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ராணி, உன் பேர்ல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்மா. எனக்குப் பயம். அந்தப் போர்டப் போடக்கூடத் தெரியாது எனக்கு. பிள்ளைக முன்னால தப்பா அமுக்கிட்டா என்ன ஆகும்? நாளைக்கு அதுவே எல்லாத்தையும் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிட்டா, இந்தக் கெழவி எதுக்குன்னு கேக்க மாட்டாகளா?"

ராணியின் குரல் இறங்கிவிட்டது. "மேடம், மொத நாளு நானும் தப்புத் தப்பா அமுக்கிப் பிள்ளைககிட்டதான் கேட்டேன். இத நீங்க அன்னைக்கு மீட்டிங்கில சொல்லியிருந்தா, சாயங்காலம் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் உக்காந்து பழகியிருக்கலாமே."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனுஷி, இப்போது தாளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நம்பினேன். வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல்வர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளாளர் உள்ளே வந்ததும், "விளக்கம் எழுதித் தந்துருதேன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார்.

ராணி அப்படிச் சொல்லவே இல்லை.

இனியா, உலகத்தில் நீ பார்க்கப்போகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள். தனியாக இருக்கும்போது நல்லவர்கள். கதவு திறந்தால் பதவி வந்து அவர்கள் முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் கண்ணீரை நம்பி எந்த முடிவும் எடுக்காதே.

5

"எழுதுதேன் சார். அதுக்கு முன்னால ஒரு தடவ சாவி குடுங்க" என்றாள் ராணி.

முதல்வர் அம்மா தாளாளரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அவர் சொல்வதற்குள் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் அவருக்கு என் கும்பிடு.

நாங்கள் நாலு பேரும் அந்த அறைக்குப் போனோம். ராணி திரையை விலக்கினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தாள். தாளாளருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏம்மா! ஏய், ஏம்மா! சொல்லுதேன்ல!"

அவள் திரும்பவில்லை. காய்ந்து கட்டிதட்டிப் போயிருந்த சந்தனத்தை ஒவ்வொன்றாக ஊறவைத்துத் துடைத்தாள். கீறல் விழாதபடி, பிள்ளையின் மூக்கைத் துடைப்பது போலத் துடைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள். விரலால் ஒரு வட்டம் வரைந்தாள். வைத்த இடத்தில் வட்டம் வந்தது.

தாளாளர் வாயைத் திறந்தபடி கிட்டே போனார். தானும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். இன்னொன்று இழுத்தார். "அட! நம்ம போர்டு கல்லு மாதிரில்லா இருக்கு!" என்றார். போனை முதல்வர் அம்மாவிடம் கொடுத்து, போர்டில் கைவைத்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். இந்த மட்டில் விஷயம் முடிந்தது, மெமோவைக் கிழித்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆபீசுக்குத் திரும்பியதும் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ராணி முன்னால் தள்ளினார்.

"சரிம்மா, கெட்டுப்போச்சுங்கத விட்டுருவோம். நான் வேண்டாம்னு சொல்லியும் பொட்ட அழிச்சீங்கள்லா? அதுக்கு விளக்கம் எழுதிக் குடுங்க."

கெடுத்ததற்குக் கேட்ட அதே விளக்கத்தைச் சரிசெய்ததற்கும் கேட்டார். கதிர், அம்மா இதைப் படிக்கும்போது நீ சிரிப்பாய். சிரி. அங்கே நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராணி பேனாவை வாங்கினாள். "பொட்டை அழித்தது நான்தான். போர்டு வேலை செய்கிறது." இரண்டு வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தாளாளர் திருப்பித் திருப்பிப் படித்தார். "மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்த போடுங்கம்மா. ஃபைல்ல வைக்கணும்லா. இப்படி எழுதினா நான் உங்கள எப்படி வேலையில வச்சுக்கிடுறது?"

"வச்சுக்கிட வேண்டாம் சார்."

"அப்ப டென்த்துக்குக் கணக்கு யாரு எடுப்பா?"

அந்தக் கேள்விக்குத்தான் ராணிக்கு முகம் வாடியது. அதுவரை நிமிர்ந்து நின்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மன்னிப்பு எழுதினால் அவர்கள் அவளுக்கு மிஞ்சுவார்கள். எழுதிவிடுவாளோ என்று எனக்கும் தோன்றியது. எழுதினால் அடுத்த ஆயுத பூஜைக்கும் ஒரு மன்னிப்பு எழுத வேண்டும் என்று பிறகு அவளே சொன்னாள். அப்போது பேனாவை மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ராஜபாளையத்துக்குப் பைக்கில் என் பின்னால் ஏறிக்கொண்டாள். மில் கேட்டைத் தாண்டியபோது என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ட்யூட்டி பார்க்கிற வேதியியல் ஆசிரியரையே கணக்குக்கும் போட்டுவிட்டார்களாம். அறைக்குப் பழையபடி பூட்டு. தாளாளர் போர்டில் கைவைத்து நிற்கும் போட்டோ இப்போது எல்லா வேனிலும் இருக்கிறதாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள்.

6

இப்போது அத்தை ராஜபாளையத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஓட்டுக் கட்டடம்; வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நான் மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் சேர்ந்தாள். அவளை வேலைக்கு எடுத்த தலைமையாசிரியருக்கு ரிட்டையர் ஆகிற வயது. அவரிடம் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "சார், ஒரு புரொஜக்டராவது வச்சு நடத்துவேன். சம்மதம்னா வாரேன்."

அதற்கு அவர், "எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. அது வந்தா பிள்ளைக புஸ்தகத்தத் தொடாதோன்னு பயமாவும் இருக்கு. புரொஜக்டர் நம்மகிட்ட இல்ல. எங்கயாவது கேட்டு வாங்குதேன். நீ நடத்து, நான் பாக்கேன். சரியில்லன்னா சொல்லுதேன்" என்றாராம்.

என்னடா, இவரும் அதே "நடுவுல நிக்கேன்" கட்சியா என்று நான் முகத்தைச் சுளித்தேன். வேண்டாம் தாயி, யோசித்துச் சேர் என்றுகூடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

நேற்று அவளிடம் போனில் பேசினேன். எங்கிருந்தோ ஒரு பழைய புரொஜக்டரை அவர் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். அதோடு விடவில்லை. அவள் கணக்கு நடத்தும்போதெல்லாம் வந்து கடைசி பெஞ்சில், முழங்கால் மேஜையில் முட்ட, பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்கிறாராம். விளங்காவிட்டால் கையைத் தூக்குகிறாராம். "ஏம்மா, அந்த முக்கோணத்த இன்னொரு தடவ திருப்பு. எனக்குப் பிடிபடல" என்கிறாராம். பிள்ளைகள் ஓவென்று சிரிக்கின்றனவாம். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். போன வாரம், இந்த இடத்துக்குச் சாக்பீஸே மேல், அணைத்துவிடு என்றாராம். அத்தையும் யோசித்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டாளாம்.

"அப்ப அவருக்குப் பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"எங்கண்ணே போச்சு. இன்னும் பயப்படத்தான் செய்யுதாரு" என்றாள் ராணி. "ஆனா தெனமும் கிளாசுக்குள்ள வந்து உக்காந்து பயப்படுதாரு."